கட்டைவிரல் சுருள்

பூட்டுக்காரருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. செத்துப்போன மனைவி திரும்பிப் பார்த்துச் சிரிப்பதை இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

கேட்பவர்களுக்கு இது பேராசையாகத் தோன்றலாம். இல்லை, நடக்கக்கூடிய ஆசைதான். அவள் திரும்பிப் பார்த்தது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், உள்ளங்கை அளவுப் படச்சுருள் ஒன்றில் பத்திரமாக இருந்தது. ஓட்டிக் காட்ட மிஷின்தான் இல்லை. மிஷின் இருந்த இடம் குடும்பப் படச்சுருள் மதிப்பீட்டு மன்றம். மன்றத்தார் மிஷினோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. கூடவே விதிகளையும் வைத்திருந்தார்கள்.

முதலில் அந்தச் சுருள் வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பல் மருத்துவர், வீட்டுப் பூட்டுகளையெல்லாம் மாற்றச் சொல்லிவிட்டு, கூலி கொடுக்கிற நேரத்தில் சட்டைப்பையைத் தடவினார். பிறகு உள்ளே போய், சாவி கொடுத்து ஓட்டும் ஒரு சின்ன சினிமாக் கேமராவையும் படம் காட்டும் மிஷினையும் கொண்டுவந்து கொடுத்தார். பூட்டுக்காரர் இரண்டையும் மறுநாளே தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தார். மனைவி விடவில்லை.

"சாவி குடுத்தா ஓடுற சாமான் நம்ம வீட்டுக்கு வராம வேற எங்கங்க போகும்?" என்றாள்.

அன்று முதல் கேமரா அவள் கையில்தான். மகள் தவழ்ந்ததை எடுத்தாள். பல் விழுந்த வாயைத் திறந்து காட்டியதை எடுத்தாள். பூட்டுக்காரர் குழாயடியில் தலையைக் கொடுத்து முகம் கழுவுவதை எடுத்தாள். அவள் தூக்கி வளர்த்த தம்பி சைக்கிள் பழகும்போது வேலிக்குள் போய் விழுந்ததை எடுத்துவிட்டு, பிறகுதான் ஓடிப்போய் அவனைத் தூக்கினாள். படம் எடுக்கிறவள் படத்தில் எப்படி வருவாள்? டப்பா நிறையச் சுருள்கள். அவள் மட்டும் எதிலும் இல்லை.

ஒன்றைத் தவிர. ஒரு நாள் அவள் மொட்டைமாடியில் போர்வைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் சத்தம் போடாமல் மேலே ஏறிப்போய் அவளைப் படம்பிடித்தார். வாழ்நாளில் அவர் எடுத்த ஒரே படம் அதுதான். பூட்டைப் பிடித்துப் பழகிய கை. கேமராவையும் அப்படியே பிடித்தது. வலது கட்டைவிரல் முன்னால் வந்து லென்ஸின் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. படம் கழுவி வந்தபோது திரை முழுக்கக் கட்டைவிரல். அதன் நுனியில், என்றோ சாவி வெட்டும் சக்கரம் கடித்துவிட்டுப் போன பள்ளம். அந்தப் பள்ளத்தின் வழியாகக் கொஞ்சம் வெயிலும் போர்வையின் ஓரமும் தெரியும். கடைசியில் எப்படியோ விரல் நகர்ந்துவிடும். அவள் திரும்பிப் பார்த்து, ஏதோ சொல்லி, சிரிப்பாள். அவ்வளவுதான் படம்.

"எம்மூஞ்சிய எடுக்கப் போனாரு, அவரு வெரல எடுத்துக்கிட்டு வந்தாரு," என்று அவள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

மிஷின் முதலில் பழுதாகிப் போனது. பல வருடம் கழித்து அவளும் போனாள். அவள் போய் ரொம்ப நாள் வரைக்கும் பூட்டுக்காரருக்கு அந்தச் சுருளின் நினைப்பே வரவில்லை. கண்ணை மூடினால் அவள் வந்து நின்றாள், படம் எதற்கு? பிறகு ஒரு நாள் காலை, கடையைத் திறந்து உட்கார்ந்தவருக்கு, அவள் எப்படித் திரும்புவாள் என்பது நினைவுக்கு வரவில்லை. கழுத்து முதலில் திரும்புமா, கண் முதலில் திரும்புமா? எவ்வளவு முயன்றும் வரவில்லை. சுவரில் இரண்டு புகைப்படங்கள் இருந்தன. இரண்டிலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொகம் ஞாபகம் இருக்குடா. மொகம் அசையிறதுதான் மறந்துபோச்சு," என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டு, கடையில் ஆள் இருக்கிறது என்றும் பாராமல் அழுதார்.

வேலிக்குள் விழுந்த அந்தத் தம்பிதான் மைத்துனர். இப்போது வேன் ஓட்டுகிறார். அவர்தான் மன்றத்தைப் பற்றிச் சொன்னார். ஊரில் இருந்த பழைய மிஷின்களையெல்லாம் பாதுகாப்பதற்காக வாங்கி உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம். வீட்டில் எடுத்த பழைய படங்களை மதிப்புப் போட்டு, ஏலத்தில் விற்றும் கொடுக்கிறார்களாம்.

"மதிப்புப் போடணும்னா ஓட்டிப் பாக்காம எப்படி மாமா போடுவாங்க? நீங்க பக்கத்துல நின்னு அக்காவக் கண்ணாரப் பாத்துடுங்க. அப்புறம் வெல கட்டுபடியாகலன்னு சொல்லிட்டு, டப்பாவத் தூக்கிட்டு வந்துடுங்க. அவ்வளவுதான் வேல."

நல்ல யோசனைதான். உலகத்தை நடத்துகிறவர்களுக்குப் புத்தி இருக்கிறது என்று நம்புகிற எவருக்கும் வரக்கூடிய யோசனை.

மன்றத்தின் கூடம் குளிர்ந்து கிடந்தது. சுவரில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. எதைத் தொடக்கூடாது என்று எழுதவில்லை; அதனால் பூட்டுக்காரர் எதையும் தொடாமல் நின்றார். வெள்ளைக் கையுறை போட்ட வரவேற்புப் பெண் டப்பாவை மட்டும் பார்த்தாள்.

"மேசமேல வைங்க. கைய எடுங்க. கொஞ்சம் பின்னால போங்க."

"பாத்துட்டுத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போலாமாம்மா?"

"வாசப்படி தாண்டி வந்துடுச்சே," என்றாள் அவள், டப்பாவைப் பரிதாபமாகப் பார்த்து. "வாசப்படி தாண்டினா சேர்ந்ததா அர்த்தம். மதிப்பீடு முடியிற வரைக்கும் திரும்பக் குடுக்க முடியாது."

"முடிஞ்சதுக்கப்புறம்?"

"முடிஞ்சதுக்கப்புறம் ஏலத்துக்குப் போயிடும்."

"அப்ப எப்பதான் திரும்பக் குடுப்பீங்க?"

"வாசப்படி தாண்டுறதுக்கு முன்னாடி," என்றாள்.

பூட்டுக்காரர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். கதவு தானாகவே சாத்திக்கொண்டிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

டப்பாவையும் சுருள்களையும் பிரித்தார்கள். டப்பா, மூடியில் பிஸ்கட் படம் அழியாமல் இருந்ததால், கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. அதன்மேல் ஒரு விளக்கும் எரிந்தது. சுருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டு மோப்பப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

மோப்பப் பிரிவு என்று ஒன்று இருப்பதில் தப்பில்லை. பழைய சுருள் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை வரும். தெரிந்தவர்கள் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். தப்பு என்னவென்றால், மோப்ப நிபுணருக்குத் தீராத ஜலதோஷம். இன்னொருவர் மூக்கை வைத்து மதிப்பிட விதியில் இடமில்லை. ஆகவே உதவியாளர் மோந்து சொல்வார். நிபுணர் அதைக் கேட்டுவிட்டு மோப்பார்.

"லேசா புளிப்பு வருது சார்."

நிபுணர் சுருளை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். உள்ளே காற்றுப் போகிற சத்தமே கேட்கவில்லை. "ஆமா, புளிப்பு," என்றார்.

"துணி சோப்பு வாசனகூட வருது சார்."

"சோப்பு நம்ம பட்டியல்ல கெடையாது. தொடச்சுடு."

பூட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். பூச்சி அண்டாமல் இருக்க டப்பாவுக்குள் எப்போதும் ஒரு சோப்பு போட்டு வைப்பது அவள் வழக்கம். அது அவள் வைத்த கடைசி சோப்பு. அவர் வாயைத் திறப்பதற்குள் உதவியாளர் ஒரு துணியை நனைத்து எல்லாச் சுருள்களின் விளிம்பையும் துடைத்து முடித்துவிட்டார். சுத்தமான வேலைக்காரர், குறை சொல்ல முடியாது.

அங்கிருந்து தலைவர் அறைக்கு அனுப்பினார்கள். தலைவர் பெரிய மனிதர், மெல்லிய குரல். பூட்டுக்காரர் நின்றபடியே கேட்டார்.

"ஐயா, எப்ப ஓட்டிப் பாப்பீங்க? பக்கத்துல நின்னு நானும் பாக்கலாமா?"

"ஓட்டிப் பாக்குறதா?" தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "யாரு சொன்னா உங்களுக்கு? ஓட்டினா சுருள் தேயும். தேஞ்சா மதிப்புக் கொறையும். நான் இந்த நாற்காலிக்கு வந்து இத்தன வருஷம் ஆச்சு, ஒரு படம், ஒரே ஒரு படம் நான் பாத்ததில்ல. என் கைக்கு வந்த சுருள் அத்தனையும் பாக்காமலே மதிப்புப் போட்டு அனுப்பியிருக்கேன். பாக்குறது யாருன்னாலும் செய்வாங்க. பாக்காம சொல்றதுக்குத்தான் படிச்சவங்க வேணும்."

"பாக்காம எப்படிங்க உள்ள என்ன இருக்குன்னு தெரியும்?"

"உள்ள இருக்குறது குடும்பம். எல்லாச் சுருள்லயும் அதேதான். கொழந்த, குளியல், பூனை. அதுல என்ன மதிப்பு? பின்னால பழைய கார் நிக்குதா, இடிஞ்சுபோன கட்டடம் எதாவது தெரியுதா, அதான் கணக்கு. அதையெல்லாம் மறைச்சுக்கிட்டு முன்னால வந்து நிக்குறவங்கள நாங்க மனித இடையூறுன்னு சொல்லுவோம். இடையூறு கூடக் கூட மதிப்புக் கொறையும்."

இருந்தாலும் ஒவ்வொரு சுருளின் முதல் சாண் நீளத்தை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்ப்பது உண்டு. மகள் தவழ்ந்த சுருளில், அருமையான ஓர் இரும்பு வாசற்கதவைக் குழந்தையின் தலை மறைக்கிறது என்று குறைத்தார்கள். மைத்துனர் வேலிக்குள் விழுந்த சுருளில் வேலிக்கு நல்ல மதிப்புக் கிடைத்தது. மைத்துனருக்காக அதில் பாதியைக் கழித்தார்கள். இப்படியே போய், மொட்டைமாடிச் சுருளுக்கு வந்தபோது பூதக்கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, இதுல மனுஷங்களே இல்ல. ஒரு கட்டைவிரல்தான் இருக்கு. தொடர்ந்து கட்டைவிரலேதான் வருது!"

அன்றைக்கு மன்றத்தில் வேறு வேலை நடக்கவில்லை. அது இடதா வலதா என்று மதியம் வரைக்கும் வாக்குவாதம். அடுத்த வாரமே ஒரு கருத்தரங்கம் வைத்தார்கள். பூட்டுக்காரரும் போனார். கடைசி வரிசையில், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் தலைவர் பேசினார்.

"முகத்தைக் காட்டுவது எளிது. எல்லோரும் காட்டுகிறார்கள். இந்த அநாமதேயக் கலைஞன் மறைக்கிறான்! நுனியில் உள்ள அந்தப் பள்ளத்தைப் பாருங்கள். அதன் வழியாக மட்டும் உலகத்தை அனுமதிக்கிறான். அந்தப் பள்ளத்தை அவன் திட்டமிட்டுச் செதுக்கியிருக்க வேண்டும் என்பது மன்றத்தின் முடிவு."

பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. மெதுவாக இடது கையைத் தூக்கினார். "அது தெரியாம பட்டதுங்க. மெசினு கடிச்ச வெரலு. படம் எடுக்கத் தெரியாது, அவ்வளவுதான்."

கூட்டம் சிரித்தது. தலைவரும் பெருந்தன்மையாகச் சிரித்து, பொதுமக்களின் எளிய கருத்துகளையும் மன்றம் வரவேற்கிறது என்றார். பூட்டுக்காரர் கையை இறக்கிக்கொண்டார்.

சுருளைத் திரும்ப வாங்க வழியில்லை. அது வைத்திருந்த அறைக்கு ஒரு சாதாரணப் பூட்டுதான் தொங்கியது. ஒரு கம்பியை வளைத்தால், தலைவர் பேச்சு முடிவதற்குள் பூட்டுக்காரர் அதைத் திறந்துவிடுவார். ஆனால் உரியவர் சொல்லாமல் ஒரு பூட்டையும் அவர் திறந்ததில்லை. இப்போது உரியவர் யார் என்பதுதான் சிக்கல். போகும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், வந்துவிடுவார்.

கடைசியில் வரவேற்புப் பெண்தான் ஒரு வழி சொன்னாள். மன்றத்தில் படம் ஓடுகிற ஒரே சந்தர்ப்பம் 'வாங்குபவர் காட்சி'. ஏலத்தில் எடுத்தவர், சுருளில் படம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து உறுதி சொல்லலாம்.

"அப்ப நானே ஏலத்துல எடுத்துக்கிறேன்மா. என் சுருள்தானே."

"ஐயோ, நீங்க எடுக்கக்கூடாதே. படத்துல இருக்குறவங்களுக்கு உறவா?"

அதற்கும் ஒரு விதி. அதைத் தலைவரே விளக்கினார். "பாசம் சந்தையக் கெடுத்துடும்யா. போன வருஷம் ஒரு அம்மா, ஒண்ணுக்கும் ஆகாத சுருள், செத்துப்போன புள்ள அதுல ஓடுறான்னு சொல்லி, வீட்டையே எழுதிக் குடுக்க வந்துட்டாங்க. அப்படி விட்டா எங்க மதிப்பீட்டுக்கு என்ன மரியாத? அந்த அம்மாவ வெளிய அனுப்பிட்டு, சுருளை ஒரு விடுதிக்காரருக்குக் குடுத்தோம். அவரு அதை வெட்டி விளக்குக்கு மூடி பண்ணிட்டாரு. பாக்கவே ரொம்ப அழகு."

வீட்டுக்கு வரும் வழியில் பூட்டுக்காரர் இதைச் சொன்னபோது, மைத்துனர் வேனின் ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினார். பிறகு ஒரு யோசனை சொன்னார்.

"யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுங்க மாமா."

"அவளயா?"

"வாயால சொல்றதுதானே. அக்கா கோச்சுக்கவா போறா?"

"கோச்சுக்குவாடா," என்றார் பூட்டுக்காரர். "உனக்குத் தெரியாது அவள."

ஆனாலும் சம்மதித்தார். உரலுக்குள் தலையைக் கொடுத்தாகிவிட்டது, உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய? சாவி வெட்டும் இயந்திரத்தை விற்றார். மைத்துனர் தன் கறுப்புக் கண்ணாடியையும் ஒரு கோட்டையும் கொடுத்து அவரைச் சேகரிப்பாளர் ஆக்கினார். அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பூட்டுக்காரருக்கு உள்ளூர நடுக்கம். வீண் நடுக்கம். இத்தனை மாதமாக வந்து போனவரின் முகத்தை அந்தக் கட்டடத்தில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. டப்பாவை ஏந்தி வந்திருந்தால் ஒருவேளை கண்டுகொண்டிருப்பார்கள்.

ஏலத்தில் விடுதிக்காரர் விடாப்பிடியாக ஏற்றினார். பூட்டுக்காரர் அதைவிட விடாப்பிடி. தன் பொருளைத் தானே வாங்க, மன்றத்தின் தரகு போகத் தனக்கே திரும்பி வரப்போகும் பணத்தைக் கட்டுவதாக ஒப்புக்கொண்டு, சுருளை எடுத்தார். சுத்தியல் தட்டியதும் கை தட்டினார்கள். பிறகு மேடைக்குக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் தலைவர் உறுதிமொழி கேட்டார்.

"சுருளைச் சுற்றிவைத்தவர் சொன்னதிலிருந்து, இதில் கடைசியில் ஒரு பெண் தோன்றுவதாகச் சந்தேகிக்கிறோம். அப்படித் தோன்றினால், அவரை நீங்கள் அறிவீர்களா?"

பூட்டுக்காரர் கோட்டுப் பையில் வலது கையை விட்டு இறுக்கிக்கொண்டார். காய்ச்சலில் அவர் கிடந்தபோது அவருக்குப் பதிலாகக் கடையைத் திறந்து உட்கார்ந்தவள். மகளைப் பெற்றவள். கடைசி நாளில் தண்ணீர் கேட்டு, அவர் ஓடிப்போய்க் கொண்டுவருவதற்குள் கண்ணை மூடியவள்.

"தெரியாதுங்க," என்றார்.

"சத்தமா."

"யாருன்னே தெரியாது."

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். யோசனை சொன்னவர்தான். கேட்க முடியவில்லை.

காட்சி அறை சின்னது. நாற்காலிகளுக்குப் பின்னால் மிஷின். அதன் பக்கத்தில் அதை ஓட்டுகிற இயக்குநர். முன்வரிசையில் தலைவர், அவருக்கு இது வாழ்நாளின் முதல் படம், கட்டைவிரலுக்காக விதியைத் தளர்த்தியிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய பூட்டுக்காரர் மிஷினுக்கு நேர் முன்னால். அவருக்கு எதிரே, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் டார்ச்சோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் உணர்ச்சிக் கண்காணிப்பாளர். பார்ப்பவர் கண் கலங்கினால் உறவு என்று அர்த்தம், விற்பனை ரத்து. இத்தனை வருடத்தில் அந்த அம்மாள் ஒரு படமும் பார்த்ததில்லை. படம் பார்க்கிறவர்களின் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

விளக்கு அணைந்தது. மிஷின் கடகடத்தது. திரையில் கட்டைவிரல் வந்தது.

"ஆகா," என்றார் தலைவர்.

விரல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பள்ளத்தின் வழியாக வெயில். போர்வையின் ஓரம் காற்றில் எழுந்து தாழ்ந்தது. பூட்டுக்காரர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தது, அவர் இமைக்கவில்லை. கண்ணீர் உருண்டு கன்னத்தில் இறங்கியது அவருக்கே தெரியாது. அந்த அம்மாளுக்குத் தெரிந்தது. அவர் ஒரு கணம் தலைவரைப் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விரல் கொஞ்சம் நழுவியது. ஈரக் கை ஒன்று தெரிந்தது. பிறகு ஒரு வாய். அந்த வாய் அசைந்தது. வீட்டில் ஓட்டிய காலத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்ததால், அவள் என்ன சொல்கிறாள் என்று அவர் உற்றுப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது.

வெரல எடுங்க.

அவர் யோசிக்கவே இல்லை. அவள் சொன்னால் செய்து பழகியவர். கோட்டுப் பைக்குள்ளிருந்து வலது கையை உருவி உயர்த்தி, விரலை அவசரமாக அப்பால் விலக்கினார். மிஷினின் வெளிச்சம் அந்தக் கையில் பட்டு, திரையில் இருந்த கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டைவிரலின் நிழல் விழுந்தது. அதே கோணல். நுனியில் அதே பள்ளம்.

"நிறுத்து!" என்று கத்தினார் தலைவர். "யாருய்யா நீ? யாரு அந்தப் பொம்பள?"

இந்தத் தடவை பூட்டுக்காரருக்கு வாய் வரவில்லை, தெரியாது என்று சொல்ல.

"என் பொண்டாட்டிங்க," என்றார்.

இயக்குநர் மிஷினை நிறுத்தினார். சரியாக அந்த நேரத்தில் படத்தில் விரல் முழுக்க விலகியிருந்தது. அவள் திரும்பியிருந்தாள். கண்தான் முதலில் திரும்பியிருக்கிறது, கழுத்து இன்னும் பாதியில். சிரிப்பு வாயில் ஆரம்பித்து நின்றிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தவள், எப்போதும் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தவள், அவருக்காக நின்றுவிட்டாள்.

ஆனால் மிஷின்தான் நின்றது, அதன் விளக்கு நிற்கவில்லை. ஓடாத சுருளின் மேல் விளக்கு எரிந்தால் சுருள் பொசுங்கும்.

"வெளக்க அணைங்க!" என்று கதறினார் பூட்டுக்காரர்.

"சக்கரம்தான் என் பொறுப்பு," என்றார் இயக்குநர். அவரும் பதறித்தான் போனார். "விளக்கு மின் பிரிவுக்காரரோடது. அவரு சாப்பிடப் போயிருக்காரு."

அவளுடைய கன்னத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றியது. பூட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு மிஷினிடம் ஓடினார். வெளிச்சத்தை மறைத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று அவருக்குப் பட்டது. உள்ளங்கையையும் கட்டைவிரலையும் சேர்த்து லென்ஸை மூடினார். திரை இருண்டது. சூடு அங்கே இல்லை, உள்ளே சுருளில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. கரிந்த நாற்றம் வந்தது. மோப்ப நிபுணர் அங்கே இருந்திருந்தாலும் அவருக்கு எட்டியிருக்காது. பூட்டுக்காரர் கையை எடுத்தபோது திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம்தான் இருந்தது.

கண்காணிப்பாளர் அம்மாள் அப்போதுதான் முதல் முறையாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

விதிப்படி சுருளைப் பழுது பார்த்தார்கள். பொசுங்கிய இடத்திலிருந்து இரு பக்கமும் பத்திரத்துக்காக ஒரு முழம் வெட்டி எடுப்பது மன்றத்தின் வழக்கம். பூ விற்கிறவர் போல இயக்குநர் முழங்கையில் அளந்து, அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று வெட்டினார். வாய் அசைந்தது ஒரு முழத்தில் போயிற்று. சிரித்து முடித்தது இன்னொரு முழத்தில் போயிற்று. பூட்டுக்காரர் இரு கைகளையும் நீட்டினார்.

"அத மட்டும் குடுத்துடுங்க சாமி. உங்களுக்கு ஆகாததுதானே."

"ஆகாததும் மன்றத்தோட சொத்துதான்," என்றார் தலைவர், வருத்தமாகவே. வெட்டிய துண்டுகள் காகிதம் அரைக்கும் மிஷினுக்குள் போயின. அந்த மிஷினை நிறுத்தவும் அணைக்கவும் ஒரே ஆள்தான்; அது நன்றாக வேலை செய்தது.

மீதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலைவர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"கட்டைவிரலுக்குச் சேதமே இல்ல. இருந்த ஒரே இடையூறும் போயிடுச்சு. மதிப்பு ரெண்டு மடங்கு ஏறிடுச்சுன்னு வைங்க." பிறகு பூட்டுக்காரரின் தோளைத் தொட்டார். இத்தனை மாதத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் அவரைத் தொட்டது அதுவே முதல் தடவை. "உங்களுக்கும் நல்ல சேதி இருக்கு. இப்ப இந்தச் சுருள்ல உங்களுக்கு உறவுன்னு யாருமே இல்ல. விதிப்படி நீங்க தாராளமா வாங்கிக்கலாம். ஏலம் செல்லும்."

பூட்டுக்காரர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாங்க," என்றார். "இது எங்கிட்ட இருக்கு."

வெளியே வந்தார். வாசலருகே கண்ணாடிப் பெட்டிக்குள் பிஸ்கட் டப்பா விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. தெரு முனையில் வேனை நிறுத்திக்கொண்டு மைத்துனர் காத்திருந்தார். கூடத்தில் தலையைக் குனிந்தவர், உள்ளே நடந்தது எதுவும் தெரியாமல் நேராக இங்கே வந்துவிட்டிருந்தார். பூட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"அக்காவப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்தா?"

"கண்ணுதான்டா மொதல்ல திரும்புது. கழுத்து அப்புறம்தான்."

மைத்துனர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். வேனைக் கிளப்பாமல், சின்னப் பையனைப் போல ஆசையாகக் கேட்டார். "எதாச்சும் சொன்னாளா?"

"வெரல எடுங்கன்னு சொன்னா."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன்டா," என்றார் பூட்டுக்காரர். கோட்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மீதியைச் சொன்னார்: "அப்புறம் மறுபடியும் வெச்சுட்டேன்."